ஒற்றைத் தோடு

மலேசியாவில், கோலசிலாங்கூர் கடைத்தெருவில் செல்லையா ஆசாரியின் நகைப் பட்டறைக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது நகை அல்ல, ஒரு பிரம்பு நாற்காலி. அதில் நாச்சியாரம்மாவைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் சுவரோரத்துப் பெஞ்சிதான். ஆசாரியே ஒருமுறை அசதியில் அதில் சாய்ந்துவிட்டு, நாச்சியாரம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் துள்ளி எழுந்தாராம். கடை ஆசாரியுடையது, வாடகை கட்டுவது ஆசாரி, அடுப்பூதிக் கண் கெட்டதும் ஆசாரிக்குத்தான். ஆனாலும் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டத்துச் சனங்கள் அதற்கு வைத்த பெயர் நாச்சியாரம்மா கடை. ஆசாரிக்கு இதில் கொஞ்சம் வயிற்றெரிச்சல் உண்டு. வெளியே சொல்ல மாட்டார், பாவம்.

முழுப்பெயர் சௌந்தர நாச்சியார். ராமநாதபுரம் பக்கத்து ஆனைசேரி ஜமீன் வீட்டுப் பெண். ஜமீன் என்றால் யானையும் அம்பாரியும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு விவரம் தெரியும் முன்பே அரசாங்கம் ஜமீன்களை எல்லாம் ஒழித்துவிட்டது. மிச்சமிருந்தது நாற்பது தூண் வைத்த ஒரு வீடு, அதில் வேலை எதுவும் தெரியாத ஓர் அப்பா, ஒரு பெட்டி நிறைய நகை. அந்த நகையைத்தான் குடும்பம் பத்து வருஷம் தின்றது. மதுரையிலிருந்து தரகர் வருவார், வெள்ளிக்கிழமை மட்டும் வர மாட்டார். கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடிப்பார். போகும்போது பையில் ஓர் அட்டிகை போகும், இல்லையென்றால் தோளில் பூட்டும் ஒரு வங்கி.

ஒருநாள், சின்ன அத்தையின் காசுமாலை போன அன்று, பன்னிரண்டு வயது நாச்சியார் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார். அப்பா அவரைத் தூக்கி மடியில் வைத்து ஒரு பென்சிலும் கோடு போடாத நோட்டும் கொடுத்தார். “போறதுக்கு முந்தி வரைஞ்சு வச்சுக்க தாயீ. தங்கம் போனாலும் உருவம் நம்மகிட்ட இருக்கட்டும்” என்றார். சொல்லும்போது அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அன்று முதல் எந்த நகை வெளியே போனாலும் நாச்சியார் அதைத் தரையில் வைத்து வரைவார். தரகர் காப்பி குடித்து முடிக்கும் வரைதான் அவகாசம். அவருக்குக் கை வேகம் வந்ததே அப்படித்தான். ஒவ்வொரு படத்தின் கீழும் நகைக்குச் சொந்தக்காரர் பெயரை எழுதிவைப்பார்.

ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் பெயர் இல்லை. பெட்டியின் அடியில் கிடந்த ஒற்றைத் தோடு அது. நடுவில் ஒரு பொட்டு, சுற்றி ஐந்து தங்கக் குண்டு, ஐந்தில் ஒன்று மட்டும் கொஞ்சம் பெரியது. ஜமீன் வீட்டு நகை மாதிரியே இல்லை. பின்பக்கத் தண்டு வளைந்திருந்ததால் திருகாணியைக் கழற்றக்கூட முடியவில்லை. சிறுமி கண்ணுக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடியே வரைந்தார், வளைந்த தண்டையும் சேர்த்துத்தான். யாருடையது என்று கேட்டதற்கு அப்பா, “எங்கயோ கெடந்து வந்தது, விடு தாயீ” என்று முற்றத்துப் பக்கம் திரும்பிக்கொண்டார். படத்தின் கீழே ‘யாருடையதோ’ என்று எழுதிவிட்டுச் சிறுமி அதை மறந்துபோனார்.

பிறகு கல்யாணம். மலாயாவிலிருந்து விடுமுறையில் பெண் தேடி வந்த உமாபதி சீர் எதுவும் கேட்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகவே ஜமீன் வீடு அவருக்குப் பெண் கொடுத்தது. சுங்கை லெம்பா தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவர் டிரெஸர், அதாவது மருந்து கட்டும் உதவியாளர். அறுபத்தொன்றில் கப்பலேறிய நாச்சியார் கையோடு கொண்டுவந்தது அந்த நோட்டும், தாம்பூலம் வைக்கும் ஒரு சின்ன வெள்ளித் தட்டும்தான். பத்து வருஷம் தோட்டத்தில், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் உத்தியோகஸ்தர்களுக்கான ஸ்டாப் வீட்டில் குடியிருந்துவிட்டு டவுனுக்கு வந்தார்கள்.

டவுனில் தனக்கொரு மயில் பதக்கம் செய்யக் கொடுத்தபோதுதான் ஆசாரியோடு முதல் சண்டை. “மயிலா இது? தோட்டத்துக் கோழி மாதிரி இருக்கு!” என்று நாச்சியார் அதைத் திருப்பித் தள்ளினார். ஆசாரிக்கும் ரோஷம் வந்துவிட்டது. “அப்ப நீங்களே வரைஞ்சு குடுங்கம்மா, பாக்கலாம்” என்றார். அவ்வளவுதான், வரைந்தே கொடுத்தார். பன்னிரண்டு வருஷமாக இன்னும் வரைந்துகொண்டிருக்கிறார்.

அவர் வரைவதும் பழைய நகையை அப்படியே அல்ல. ரப்பர் மரத்தை வெட்டிவிட்டுச் எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம் அது. பால்மரம் வெட்டியவர்களின், அதாவது மரம் கீறி ரப்பர் பால் எடுத்தவர்களின், பெண்கள் ரவாங் பக்கம் பேக்டரிக்குப் போய்ச் சொந்தச் சம்பளத்தில் நகை வாங்கத் தொடங்கியிருந்தார்கள். காசுமாலையில் ஒரே ஒரு காசை எடுத்து மெல்லிய சங்கிலியில் தொங்கவிட்டார் நாச்சியார். பேக்டரித் தொப்பியில் சிக்காத மாதிரி ஜிமிக்கியைச் சுருக்கித் தோடாக்கினார். பெண்பிள்ளைகளுக்கு அந்த டிசைன்கள் என்றால் உயிர். “எங்க வீட்டுல பொம்பள வாசப்படி தாண்ட மாட்டா. நான் பட்டறையில ஒக்காந்து வேல செய்றேன் பாரு” என்று அவர் சொல்லும்போது அந்தப் பெருமையில் பொய் கிடையாது.

இன்னொரு பெருமையும் உண்டு, அது அப்பாவைப் பற்றியது. வருகிறவர்களிடம் எல்லாம், “எங்கப்பா கை குடுத்துச் செவந்த கை” என்பார். இருப்பதை எல்லாம் ஊருக்குக் கொடுத்தே ஜமீன் இறங்கியது என்பார். செய்து முடித்த நகையை வெள்ளித் தட்டில், வெற்றிலைமேல் வைத்து நீட்டுவார். தோட்டத்துப் பெண்கள் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அது ராசியான தட்டு என்று பேராகிவிட்டது.

எண்பத்து நான்காம் வருஷம் ஆடி மாதம், ஒரு சனிக்கிழமைக் காலையில் ரமணி வந்தாள். ரவாங்கில் எலக்ட்ரானிக்ஸ் பேக்டரி வேலை, ஜீன்ஸ் பேன்ட், நிற்காத வாய். ஆவணியில் கல்யாணம், மாப்பிள்ளை பாலன் லோரி டிரைவர். கூட அவளுடைய அம்மா வேலம்மா. சுங்கை லெம்பாவில் முப்பத்தைந்து வருஷமாகப் பால்மரம் வெட்டுகிறவர். அண்டை அயல் பெண்களுக்குத் துணையாக அந்தக் கடைக்கு எத்தனையோ முறை வந்தவர்தான், ஆனால் தனக்கென்று ஒரு பொட்டுத் தங்கம் வாங்கியதில்லை. காதுத் துளையில் விளக்குமாற்று ஈர்க்கைச் செருகியிருப்பார்.

“வா வேலம்மா, ஒக்காரு. இதான் பொண்ணா?” என்றார் நாச்சியார். வேலம்மா அவரைவிடப் பத்து வயது மூத்தவர் என்பது அவருக்குத் தோன்றியதே இல்லை.

நோட்டை யாரும் தொட மாட்டார்கள், நாச்சியார்தான் பக்கம் புரட்டிக் காட்டுவார். ரமணிக்கு அதெல்லாம் யார் சொன்னது? அவள் பாட்டுக்கு எடுத்துப் புரட்டத் தொடங்கிவிட்டாள்.

“இது ரொம்ப ஹெவிலா... இது பாட்டி மாதிரி... ஹை, இது கியூட்டா இருக்கு! சுத்தி அஞ்சு குண்டு, சிம்பிளா. ஆனா ஏன் ஒண்ணுதான் வரைஞ்சிருக்கீங்க? பின்னால வளைஞ்சு வேற இருக்கு.”

வேலம்மா எட்டிப் பார்த்தார். பெஞ்சியிலிருந்து எழுந்து கிட்டே வந்து, அந்தப் பெரிய குண்டின்மேல் விரல் வைத்தார்.

“இது எங்கம்மா தோடு.”

நாச்சியார் சிரித்துவிட்டார். “இது எங்க வீட்டுப் பெட்டியில இருந்தது வேலம்மா. ஆனைசேரியில.”

“ஆனைசேரின்னு தெரியும். நீங்க வந்து எறங்குன அன்னிக்கே தெரியும். நானும் அந்த மண்ணுதான்.” வேலம்மா குரலை உயர்த்தவில்லை. “எங்க சனம் தங்கம் போடக்கூடாதுன்னு ஊர்ல கட்டு. எங்க தாத்தா ரங்கூன்ல மூட்ட தூக்கிச் சம்பாரிச்சு, மகளுக்கு ஆசையா செஞ்ச தோடு இது. ஆசாரிக்குக் குண்டு அளவு தப்பிப்போயி ஒண்ணு பெருசா விழுந்திருச்சி. அதப் போட்டுக்கிட்டு அம்மா திருநாளுக்கு வந்துச்சி. உங்கப்பாரு குதிரையில வந்தவரு எறங்கி வந்து, அவரு கையாலயே பிச்செடுத்தாரு. காதோட.”

“வாய அளந்து பேசு!” நாச்சியார் எழுந்துவிட்டார். “எங்கப்பா கை குடுத்துச்...”

“செவந்த கைதான். நான் பாத்தேன். எனக்கு அப்ப ஏழு வயசு.”

பட்டறையில் ஊதுகுழல் சத்தம் நின்றுபோனது. வேலம்மா மகளின் கையைப் பிடித்து இழுத்தார். “வா ரமணி. ரவாங்குல ரெடிமேடா வாங்கிக்கலாம்.” ஒன்றும் புரியாமல் விழித்த ரமணி பின்னாலேயே போனாள்.

அவர்கள் போனபின் நாச்சியாருக்கு வந்தது கோபம்தான். கண்மண் தெரியாத கோபம். உலகத்தில் ஐந்து குண்டு வைத்த தோடு ஒன்றுதானா இருக்கிறது? ஏழு வயதுப் பிள்ளை கண்டதற்கு என்ன அத்தாட்சி? இருபது வருஷமாக நாவில் சுமந்த அப்பாவை ஒருத்தி இரண்டே வார்த்தையில் கீழே தள்ளிவிட்டுப் போவாளாமே! செல்லையா ஆசாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

“கழட்டுன தோடு இப்படி வளையாதும்மா. திருகாணி மாட்டியிருக்கறப்பவே இழுத்தாத்தான்...”

“ஒங்க வேலையப் பாருங்க ஆசாரி!”

வீட்டுக்குப் போய்ச் சோறு வைக்கும்போது கணவரிடம் கொட்டினார். தனக்குப் பரிந்து ஒரு வார்த்தை பேசுவார் என்று எதிர்பார்த்தார். உமாபதி சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டு யோசித்தார்.

“வேலம்மாவோட ஆத்தாவா? தெரியும். அறுபத்தஞ்சுல ஆஸ்பத்திரியிலதான் செத்துச்சு. பேரு மறந்துபோச்சு. வலது காது மடல் ரெண்டாக் கிழிஞ்சு தொங்கும், பழைய தழும்பு. எப்படி ஆச்சுன்னு நான்கூடக் கேட்டேன்.”

“என்ன சொன்னா?”

“ஊர்ல நாய் கடிச்சிருச்சுய்யான்னு சொல்லுச்சு.”

நாச்சியார் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். உமாபதிக்கு அப்போதுதான் உறைத்தது. “நாச்சியா, நான்...” என்று ஏதோ ஆரம்பித்தார். அதற்குள் அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மூன்று நாள் கடைக்குப் போகவில்லை. முதல் நாள் முழுக்க வேலம்மாமேல் ஆத்திரம். இரண்டாம் நாள் அது அப்பாமேல் திரும்பியது. முற்றத்துப் பக்கம் திரும்பிக்கொண்ட அந்த முகம் திரும்பத் திரும்ப வந்தது. மடியில் வைத்துப் பென்சில் கொடுத்த அதே கையா? ஆமாம், அதே கைதான். இரண்டையும் ஒரே ஆளிடம் வைத்துப் பார்க்க அவரால் முடியவில்லை. மூன்றாம் நாள் தன்மேலேயே வெட்கம் வந்தது. கழற்றவே முடியாத அந்தத் திருகாணியைத் திருகிப் பார்த்தது அவர் விரல்தானே? இத்தனை வருஷமாக நகையோடு குடித்தனம் நடத்தியும், அந்தத் தண்டு ஏன் வளைந்தது என்று ஒருநாளாவது கேட்டதுண்டா?

நான்காம் நாள் நோட்டைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். இறங்கி, மண்பாதையில் அரை மணி நேரம் நடந்து லயத்துக்குப் போய்ச் சேர்ந்தார். தொழிலாளர் வீடுகள் வரிசையாக ஒட்டி நிற்கும் அந்த லயம், அவர் பத்து வருஷம் குடியிருந்த ஸ்டாப் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். அந்தப் பக்கம் அவர் கால் வைத்தது அன்றுதான். வேலம்மா வேலை முடிந்து வந்து, வாசல் குழாயில் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்.

“நீங்க சொன்னது நெசம் வேலம்மா” என்றார் நாச்சியார். நீங்க என்பது அவர் வாயில் கொஞ்சம் தடுக்கித்தான் வந்தது. “எங்கப்பா செஞ்சதுக்கு நான் என்ன செய்யணும், சொல்லுங்க. என் வளையல உருக்கி அதே தோட்ட ஒரு ஜோடியாச் செஞ்சு தரட்டுமா?”

வேலம்மா நிதானமாக முகத்தைத் துடைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக் கதவுகளில் தலைகள் முளைத்துவிட்டன.

“உங்கப்பாரு கத இருக்கட்டும். அவரு போய்ச் சேந்துட்டாரு. ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. பேங்கு மேனேஜரு பொண்டாட்டி வந்தா நீங்களே எழுந்திரிச்சுச் சங்கிலி மாட்டிவிடுறீங்க. சீனக் கடை மொதலாளி தௌகே பொண்டாட்டி கையப் புடிச்சு வளையல் ஏத்திவிடுறீங்க. இந்தத் தோட்டத்துலருந்து எத்தன பேரு வந்திருப்போம்? ஒருத்தி கையிலயாவது ஒரு மூக்குத்தியக் குடுத்திருக்கீங்களா? தட்டு. எப்பவும் தட்டு. இதுங்க என்னமோ ராசின்னு கண்ணுல ஒத்திக்கிதுங்க. எனக்கு மட்டும் தெரியும், அது என்ன தட்டுன்னு.”

நாச்சியார் இல்லையென்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். ஆனைசேரியில் அம்மா அப்படித்தான் நீட்டுவார், அத்தைகளும் அப்படித்தான். மரியாதை என்றுதானே சொல்லிக்கொடுத்தார்கள்? யாருக்குத் தட்டு, யாருக்குக் கை என்று அவர் ஒருநாளும் யோசித்து முடிவு செய்ததில்லை. கை அதுவாகவே பிரித்துப் பார்த்திருக்கிறது. கண்ணில் நீர் முட்டியது, துடைக்கவும் தோன்றவில்லை.

வேலம்மா உள்ளே போய் ஒரு பழைய மைலோ டின்னோடு வந்தார். அதற்குள் துணி முடிச்சு, முடிச்சுக்குள் இன்னொரு தோடு. ஐந்து குண்டு, அதில் ஒன்று பெரியது.

“ஜப்பான்காரன் காலத்துல மரவள்ளிக்கெழங்கு தின்னு கெடந்தோம். அப்பக்கூட அம்மா இத விக்கல. இதுக்கு ஜோடி செய்யுங்க. ஆனா உங்க தங்கத்துல வேணாம். எம்மவ பேக்டரியில நின்னு சம்பாரிச்ச தங்கத்துல செய்யுங்க. பெரிய குண்டு அப்படியே இருக்கட்டும். தண்டு மட்டும் நேரா இருக்கட்டும்.”

“உங்கம்மா பேரு?”

வேலம்மா நாச்சியாரை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத்தான், “சடைச்சி” என்றார்.

ஆவணி பிறந்த முதல் ஞாயிறு. தோடு தயார். செல்லையா ஆசாரி இந்த ஒரு ஜோடிக்காக இரண்டு முறை குண்டு உருட்டினார். கோணல் இல்லாமல் உருட்டியே பழகிய கைக்கு, வேண்டுமென்றே ஒன்றைப் பெரிதாக்குவது பெரும் தொல்லையாகிவிட்டது, வாய்க்குள்ளேயே முனகிக்கொண்டார். ரமணியும் வேலம்மாவும் வந்து பெஞ்சியில் உட்கார்ந்தார்கள். நாச்சியாரின் கை, பழக்கம் போகுமா, நேராக வெள்ளித் தட்டுக்குப் போனது. பாதி வழியில் நின்றது. தட்டை அவர் ஆசாரியின் பக்கம் தள்ளினார். “ஆணி போட்டு வைக்க ஆகும், எடுத்துக்குங்க” என்றார். ஆசாரி திருதிருவென்று விழித்தார்.

நாச்சியார் நாற்காலியை விட்டு எழுந்து ரமணியின் பக்கத்தில் வந்து நின்றார். பழைய தோட்டை இடது காதில் மாட்டினார். புதியதை வலது காதில் வைக்கும்போது திருகாணி இரண்டு முறை நழுவியது. ரமணி, “கூசுதுலா நாச்சியாரம்மா!” என்று நெளிந்தாள். வேலம்மா சிரிக்கவில்லை. அந்தக் கை காதை விட்டு விலகும் வரை அவர் கண் மகளின் காது மடலை விட்டு அசையவில்லை. விலகிய பிறகுதான் மூச்சு விட்டார்.

“நோட்டுல அம்மா பேர எழுதுனீங்களா?”

நாச்சியார் பக்கத்தைத் திறந்து காட்டினார். வேலம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ரமணி தலையை ஆட்டி ஆட்டி, புதுத்தோடு மின்ன, சத்தமாகப் படித்தாள்: “சடைச்சியம்மாள் தோடு. ஆனைசேரித் திருநாளில் தொலைந்துபோனது.”

“தொலைஞ்சு போச்சா?” என்றார் வேலம்மா. “அதுக்கென்ன காலு மொளச்சிருந்துச்சா, தானா நடந்து உங்க பெட்டிக்குள்ள வந்து படுத்துக்க?”

நாச்சியார் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். முந்தின நாள் முழுக்க அந்த வரியை எழுதியும் அழித்தும் உட்கார்ந்திருந்தார். எழுத வந்த சொல் வேறு. கை வராமல்தான் இதை எழுதிவைத்தார். இப்போது எல்லோரும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஆசாரியிடம் பென்சில் வாங்கி, பெஞ்சியில் வேலம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கடைசிச் சொல்லை அடித்தார். மெதுவாக வேறு எழுதினார். எழுதிவிட்டு நோட்டை ரமணியிடம் நீட்டினார்.

ரமணி இந்த முறை சத்தமாகப் படிக்கவில்லை. அம்மாவின் காதருகே குனிந்து சொன்னாள். “ஆனைசேரித் திருநாளில் என் அப்பா பிடுங்கியது.”

வேலம்மா தலையசைத்தார். பிறகு காதிலிருந்த ஈர்க்கைத் தடவிக்கொண்டே, “நம்ம ரெண்டு பேரும் இன்னிக்குத்தான் ஒரே பெஞ்சில ஒக்காந்திருக்கோம், பாத்தீங்களா” என்றார்.